இரண்டு வருடம் நின்ற லோரி

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் பழைய எஞ்சின் எண்ணெய் டின்னைத் திறந்தேன், புள்ள. கருகலும் கசப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. உன் சேலை முந்தானையில் இரண்டு வருடம் இருந்த வாடை அது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகவில்லை என்று சலித்துக்கொள்வாய்.

முதலாளியின் லோரிகளில் ஒன்றுக்கு இப்போது வேலை இல்லை. ஒரு வருடமாவது நிற்கவேண்டும் என்று சொல்லி, அதைத் தயார் செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார். சக்கரங்களைத் தூக்கிக் கட்டையில் நிறுத்துவதற்கு முன், மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, நான்கு ஓரமும் மடித்துக்கொண்டிருந்தேன். பட்டறை ஃபிட்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னண்ணே, லோரிக்குச் சாப்பாட்டுத் தட்டா?"

"கட்டைக்குக் கீழ வச்சி எண்ணெய் ஊத்தணும். அப்பத்தான் கரையான் ஏறாது."

"இது எந்தப் பட்டறையில கத்துக்கிட்டது?"

"பட்டறையில இல்ல. என் வீட்டுக்காரி சொன்னது."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் போய்விட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அதனால் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். உனக்கு எழுத்துத் தெரியாது. வந்த கடிதங்களை எல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன். இதையும் உனக்குப் படித்துக் காட்டுவதாக நினைத்தே எழுதுகிறேன்.

அந்த லோரி விஷயத்தில் நான் எவ்வளவு கர்வம் பிடித்தவனாக இருந்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் நம் ரப்பர் தோட்டம். தோட்டத்துக்கு ஒரே லோரி, ஒரே டிரைவர். விடிந்ததும் ஆட்கள் எல்லாம் பெரட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். நான் மட்டும் நிற்கவேண்டியதில்லை. காக்கிச் சட்டையோடு லோரியின் முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நீ பால் வெட்டுக்காரி. வரிசையில் நின்றபடி என்னைப் பார்ப்பாய். நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் கிள்ளான் பாசாருக்குச் சாமான் வாங்கக் கிளம்பினோம். நீ முன்பக்கத்துப் படியில் கால் வைத்தாய். "அது துரைமார் ஒக்கார்ற எடம். பின்னாடி ஏறு" என்றேன். நீ படியிலிருந்து காலை எடுத்தாய். பின்னால் போய் ரப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டாய். அன்றிலிருந்து ஆறு வருடம் அந்த லோரியில் உன் இடம் அதுதான். ஈரக் கையோடு கதவைத் தொட்டால்கூட நான் முகத்தைச் சுளிப்பேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்றார்கள். பிறகு பாதிக் காட்டை அடைத்தார்கள். ஒரு காலைப் பெரட்டில் கிராணி நீளமான பட்டியல் ஒன்றைப் படித்தார். பட்டியலில் இருந்தவர்களுக்கு ஊருக்குத் திரும்பக் கப்பல். பாத்திரத்தையும் பாயையும் கட்டிக்கொண்டு சனங்கள் போனார்கள். ஆட்கள் குடியிருந்த லயத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம் அடங்கி, கோழிகள் மட்டும் திரிந்தன. மிஞ்சியது கிராணி, காவல்காரர், புல் வெட்டப் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் உன் பேர் இருந்தது. லோரியே ஓடாத தோட்டத்தில் டிரைவருக்குப் பேர் இல்லை.

துரை சீமைக்குக் கிளம்பும் முன் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "லோரிய நல்லா நிறுத்தி வை. ஆறு மாசமோ ரெண்டு வருசமோ, எனக்கே தெரியாது. தோட்டம் தொறக்கும்போது லோரி ஓடினா டிரைவர் வேலை உனக்கு. ஓடலன்னா கம்பெனி புது லோரி வாங்கும், புது ஆள் வரும்." இதைத் தோட்டக் குறிப்பில் எழுதி வைக்கும்படி கிராணியிடமும் சொன்னார். அந்த அளவுக்கு அவர் நியாயமான மனிதர்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். எனக்கு நம்பிக்கை இல்லை. "பேசாம நாமளும் கப்பலுக்குப் பேர் குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். முறத்தைக் கீழே வைத்தாய். "அங்க போயி? எனக்கு அங்க யாரு இருக்கா? நான் பொறந்தது இந்தக் கிள்ளான்ல. கப்பலையே நான் தூரத்துலேருந்துதான் பாத்திருக்கேன். நீங்க போறதா இருந்தா போங்க. நான் வரல."

முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு நீயே சொன்னாய்: "லோரி ஓடணும், அவ்வளவுதானே? ஓட வைப்போம்."

'வைப்போம்' என்ற சொல் அன்று எனக்குச் சுருக்கென்று பட்டது. லோரியில் உனக்கு என்ன பங்கு என்று நினைத்தேன். அதையும் இன்று எழுதிவிடுகிறேன்.

ஆனால் வேறு வழி இல்லை. என்னோடு லோரியில் ஏற்றி இறக்கிய ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் ஜாக்கியை ஏற்றினால் கட்டையைத் தள்ளி வைக்க ஒரு ஆள் வேண்டும். நீ வந்தாய். வந்ததும் முதல் வேலையாகக் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "இத அப்படியே மண்ணுல வைக்கப் போறீங்களா?" என்று கேட்டாய்.

"வேற எங்க வைக்கிறது?"

"சோத்து அலமாரி காலுக்கு எதுக்குத் தண்ணிக் கிண்ணம் வைக்கிறோம்? எறும்பு ஏறக் கூடாதுன்னுதானே? கரையான் கட்டையில ஏறி அப்படியே லோரிப் பலகையத் தின்னா?"

எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருடத்துக்கும் மேல் அந்த லோரியை ஓட்டியவனுக்குத் தோன்றாதது, அதில் பின்னால் மட்டும் ஏறியவளுக்குத் தோன்றியது. டின்னை வெட்டித் தட்டுச் செய்தோம். தட்டின் மேல் கட்டை, சுற்றிலும் பழைய எண்ணெய். நான்கு சக்கரமும் தரையை விட்டு நான்கு விரல் உயரத்தில் நின்றன.

மூன்று நாள் வேலை செய்தோம். ரேடியேட்டர் தண்ணீரைச் சொட்டு விடாமல் இறக்கினோம். பெட்ரோல் டாங்கியைக் காலி செய்தோம். கறுத்த எண்ணெயை எடுத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டோம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றித் திரும்ப மாட்டி, எஞ்சினைச் சுற்றும் ஹேண்டலை முன்னால் போட்டு மெதுவாகத் திருப்பினேன். ஒவ்வொன்றுக்கும் நீ 'ஏன்' என்று கேட்டாய்.

"உள்ள இருக்கிற இரும்பு காஞ்சா துருப் பிடிச்சி ஒட்டிக்கும். ஒட்டினா எஞ்சின் சுத்தாது. அதுக்குத்தான் எண்ணெய்."

"ஒரு தடவ ஊத்தினா போதுமா? தலைக்கு வச்ச எண்ணெயே நாலு நாளுல காஞ்சிடுது."

"மாசத்துக்கு ஒரு தடவ ஊத்திச் சுத்தணும்."

"யாரு சுத்துவா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தும் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் டெங்கில் ஊர் ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டும் வேலைக்கு நான் சொல்லி வைத்தாகிவிட்டது. அடுத்த வாரம் போகவேண்டும். நீ என் கையிலிருந்து ஹேண்டலை வாங்கிக்கொண்டாய். "காட்டுங்க" என்றாய். காட்டினேன். "இன்னொரு தடவ." காட்டினேன். "இப்ப நான் செய்றேன், தப்பா செஞ்சா மட்டும் பேசுங்க." நீ செய்தாய். நான் பேசவேண்டியிருக்கவில்லை. கட்டை விரலைக் கம்பியின் மேல் சுற்றிப் பிடிக்கக் கூடாது, எஞ்சின் திருப்பி உதைத்தால் கை ஒடியும் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் சுற்றிப் பிடித்ததில்லை.

கழற்றிய மற்றச் சாமான்களை நான் ஒரே சாக்கில் போடப்போனேன். நீ விடவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் முடிந்தாய். எந்த முடிச்சில் எது இருக்கிறது என்று துணியின் நிறத்தைக் கொண்டு உனக்குத் தெரியும். சீட்டு மெத்தையில் எலி குடியேறும் என்று அதையும் கழற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து உத்தரத்தில் தொங்கவிட்டாய். புகைக்குழாய் வாயில் எண்ணெய்த் துணி அடைத்து, எலி இழுக்காதபடி கம்பியால் கட்டினாய். டயர்களுக்குச் சாக்குச் சுற்றினாய். கடைசியில் லோரி காய்ச்சலுக்குப் போர்த்திய ஆள் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த மாதங்களில் நாம் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

நான் டெங்கிலுக்குப் போய்விட்டேன். காலண்டர் பார்க்கத் தெரியாததால் அமாவாசையைக் கணக்கு வைத்துக்கொண்டாய். ஒவ்வொரு அமாவாசையும் தலை முழுகிவிட்டு, எண்ணெய்ப் போத்தலோடு லோரிக் கொட்டகைக்குப் போவாய். கிளட்ச் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மிதியை அழுத்தி வைத்திருந்த குச்சியை எடுத்துவிட்டு நாலு தடவை மிதிப்பாய். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரில் எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி ஹேண்டலைச் சுற்றுவாய். தட்டுகளில் குறைந்த எண்ணெயை நிரப்புவாய். குளவி கட்டிய மண் கூட்டைச் சுரண்டுவாய். "லோரிக்குப் பூசை பண்றா" என்று மிச்சமிருந்த பெண்கள் கேலி செய்தார்களாம். நீ அதற்கு, "ஆமா, வேலை குடுக்கிற சாமிதானே" என்றாயாம்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் லீவில் வந்தேன். காவல்காரர் வழியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒம் பொஞ்சாதி பண்ணினத கேட்டியா?" என்று ஆரம்பித்தார்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்கு ஆட்கள் மாட்டுவண்டியோடு வந்திருக்கிறார்கள். கையில் இங்கிலீசில் எழுதிய காகிதம். கிராணி அன்று கிள்ளானுக்குப் போயிருந்தார். வந்தவர்கள் நேரே கொட்டகைக்குப் போய், சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனரை வைத்திருக்கிறார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்த நீ ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாய்.

"காயிதம் இருக்கு பாரு" என்று நீட்டினார்களாம்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப தெரிஞ்ச ஆளு வரட்டும். கிராணி வர்ற வரைக்கும் ஒரு ஆணிய தொடக் கூடாது" என்றாயாம். வெயில் ஏறி இறங்கும் வரை நீ எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது காவல்காரர்தான். சாயங்காலம் கிராணி வந்து காகிதத்தைப் படித்தார். ஸ்டோரின் பின்னால் கிடந்த தகரக் கூரைத் தகடுகளை எடுத்துக்கொள்ளத்தான் அதில் அனுமதி இருந்தது. லோரியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

இதை எல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாய். "இவ்வளவு நடந்திருக்கு, சொல்லவே இல்லியே?" என்றேன். "சாப்பிடுங்க மொதல்ல" என்றாய். அன்று முதல் முறையாக என் லோரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு மூன்று நான்கு முறைதான் வர முடிந்தது. இரண்டாவது வருடம் முடியும் சமயத்தில் மலேரியா என்னைப் படுக்கையில் போட்டது. சுரங்கத்து ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போதுதான் தோட்டம் திறக்கும் சேதி வந்தது. காவல்காரர் எப்படியோ ஆள் அனுப்பி எனக்குத் தெரியப்படுத்தினார். புதுத் துரை வரும் நாள் எனக்குத் தெரிந்தும், கட்டிலை விட்டு இறங்கக் கால் வரவில்லை. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, 'எல்லாம் போச்சு' என்று கிடந்தேன்.

அன்று நடந்ததை நீ எனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. கிராணி கொஞ்சம் சொன்னார், கிள்ளான் மெக்கானிக் கொஞ்சம் சொன்னார், உன்னிடமிருந்து நான் கொஞ்சம் பிடுங்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

புதுத் துரை காரில் வந்து இறங்கினார். கூடவே கிள்ளானிலிருந்து மெக்கானிக். கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். மெக்கானிக் தூரத்தில் நின்றே தலையை ஆட்டினார். "ரெண்டு வருசம் ஓடாத வண்டி, சார். உள்ள எல்லாம் இறுகிப் போயிருக்கும். இத இழுத்துட்டுப் போற கூலிக்குக்கூட ஆகாது" என்றார்.

துரை கிராணியைப் பார்த்து, "அப்ப புது லோரிக்கு எழுதிடு" என்றார்.

நீ கொட்டகை ஓரத்தில் நின்றிருந்தாய். துரைமார் முன்னால் பேசி உனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் பேசினாய். "சார், சுத்திப் பாக்காம எப்படிச் சொல்றாங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். கிராணி உன்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினாராம். நீ அதைக் கவனிக்காததுபோல் முன்னால் வந்து, ஹேண்டலைப் போட்டு, கட்டை விரலை ஒதுக்கிப் பிடித்துச் சுற்றினாய். எஞ்சின் அசைந்தது. உள்ளே காற்று அழுந்தி 'புஸ்' என்று விடும் சத்தம் கேட்டது. இன்னொரு சுற்று. இன்னொரு 'புஸ்'. மெக்கானிக் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாராம். ஒரு பிளக்கைக் கழற்றித் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுக்கச் சுத்தமான எண்ணெய்.

"யாரு இத பாத்துக்கிட்டது?"

"நான்தான்."

"ஒம் புருசன் இல்லியா?"

"அவரு காட்டிக் குடுத்தாரு. செஞ்சது நானு."

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் வேணும்?" என்று உன்னைத்தான் கேட்டார், மெக்கானிக்கை இல்லை. "மத்தியானம் வரைக்கும், சார்" என்றாய்.

ஓடிப்போய்த் துணி முடிச்சுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாய். மெக்கானிக் கையை நீட்டுவதற்குள் எந்த நிறத் துணியில் எது என்று எடுத்துக் கொடுத்தாய். சாக்குகளை அவிழ்த்தார்கள், டயர் ஒன்றிலும் வெடிப்பு இல்லை. மெக்கானிக் கட்டைக்குக் கீழே இருந்த தட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது யாரு யோசன?" என்று கேட்டு, உன் பதிலுக்குக் காத்திராமல் தலையை ஆட்டிக்கொண்டாராம். தண்ணீர் ஊற்றினார்கள், பெட்ரோல் ஊற்றினார்கள். உத்தரத்தில் தொங்கிய மெத்தையை இறக்கிப் பொருத்தினீர்கள்.

ஹேண்டலை மெக்கானிக் பிடித்தார். உள்ளே ஸ்டியரிங் பக்கத்து லீவரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கிராணி தயங்கினார். மெக்கானிக் உன்னைப் பார்த்து, "ஏறி ஒக்காரும்மா. எஞ்சின் பிடிச்சதும் இந்த லீவர மெதுவா மேல தள்ளு" என்றார்.

நீ ஏறி உட்கார்ந்தாய். என் இடத்தில்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் கொட்டகை முழுக்க நீலப் புகை. எஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. நீ லீவரைத் தள்ளினாய், சத்தம் சீரானது. புல் வெட்டும் பெண்கள் எல்லாரும் அரிவாளோடு ஓடிவந்து நின்றார்களாம். கேலி செய்தவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள் என்று கிராணி சொன்னார். பழைய துரை எழுதவைத்த குறிப்பைக் கிராணி நினைவூட்ட, துரை அதைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துவிட்டு, "டிரைவர் எப்ப வருவான்?" என்று கேட்டார். "காய்ச்சல் விட்டதும் வருவாரு, சார்" என்றாய். என் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்த சொல் அது.

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பெருமைப்பட்ட வேறு ஒரு பொழுது இல்லை. அந்தப் பொழுதில் நான் அங்கே இல்லை.

காய்ச்சல் விட்டு மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தேன். முதல் லோடு கிள்ளானுக்கு. முன்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வருடத்துக்கு முன் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன்; வாயில் வந்தது, "ஏறி ஒக்காரு, புள்ள" என்பது மட்டும்தான்.

நீ பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறினாய். "இங்க ஏற்கெனவே ஒக்காந்தாச்சு" என்றாய். "அந்தப் பக்கத்து ஒங்க சீட்டு இன்னும் நல்லா இருந்துச்சு."

ரோட்டு நெடுகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

அதன் பிறகு நமக்கு ஐந்து வருடம் கிடைத்தது. நல்ல வருடங்கள். சென்ற ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளி வந்து, பத்தே நாளில் நீ போய்விட்டாய். அந்த லயத்து வீட்டில் தனியே இருக்க முடியாமல் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது லோரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

போன மாதம் ஒரு சாமான் வாங்கக் கிள்ளானுக்குப் போனேன். அந்த மெக்கானிக்கின் கடை முன்னால் நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் நம் லோரியின் நிறத்தை வைத்து என்னைப் பச்சை லோரி டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போது காலர் தானாக நிமிரும். மெக்கானிக் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்த டிரைவர்களிடம், "இவருதான் அந்தம்மாவோட புருசன்" என்றார்.

அதுதான் இப்போது கிள்ளானில் எனக்குப் பேர். வேறு பேர் எனக்கு வேண்டியதும் இல்லை. யாராவது, "எந்தம்மா?" என்று கேட்டால், எவ்வளவு அவசரமாக வந்திருந்தாலும் கையிலிருக்கும் சாமானைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்கிறேன்.